88-ஆ, 76-ஆ, கழற்றியே விடுவதா? காரின் தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் ஒரு கணக்கு

போன மே மாதம், கத்திரி வெயில், மதியம் ஒன்றரை மணி. திருச்சி தலைமைத் தபால் நிலையச் சிக்னலில் வண்டி நிற்கிறது. எப்போதும் பாதியில் அசையாமல் நிற்கும் டெம்பரேச்சர் முள் முக்கால்வாசிக்கு ஏறியிருந்தது. ஏசியை நிறுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. பச்சை விழுந்து வண்டி வேகம் பிடித்ததும் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை.

வண்டிக்கு 11 வயது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதுவரை ஒருநாளும் சூடானதில்லை. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். பேனட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"சார், நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்ல சார். அது குளிர் நாட்டுக்காரன் வெச்சது. கழட்டி விட்டுட்டா தண்ணி தாராளமா ஓடும், ஹீட்டே ஆகாது."

எதற்கும் இருக்கட்டும் என்று உதிரிபாகக் கடையிலும் கேட்டேன். அங்கே வேறு யோசனை. "கழட்டாதீங்க சார். உங்க வண்டியில கம்பெனி போட்டிருக்கிறது 88. அதே சைஸ்ல 76 இருக்கு, அப்படியே உக்காந்துக்கும். முன்னாடியே திறந்துக்கிறதால வண்டி கூலா ஓடும்."

ஆக, என் முன்னால் மூன்று வழிகள்: கம்பெனி கொடுத்த 88 டிகிரியிலேயே இருப்பது, 76-க்கு மாறுவது, கழற்றி எறிவது. மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

கைக்குள் அடங்கும் மதகு

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. நடுவில் சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும். ஊசி ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைத் திறக்கும். சூடு தணிந்து மெழுகு இறுகினால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கரன்ட் இல்லை, ஒயர் இல்லை. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே காப்புரிமை பெற்ற இந்த மெழுகு முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது.

வண்டியைக் காலையில் கிளப்பும்போது வால்வு மூடியிருக்கும். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே பைபாஸ் வழியாகச் சுற்றும், அதனால் இன்ஜின் சட்டென்று சூடாகும். தகட்டில் பொறித்த டிகிரி வந்ததும் வால்வு திறக்கத் தொடங்கும். 88 என்று போட்டிருந்தால் 88-ல் தொடங்கி, ஏறக்குறைய 100-ல் முழுசாகத் திறக்கும். 76 என்றால் 76-ல் தொடங்கி 90 வாக்கில் முழுசும் திறந்துவிடும்.

எல்லாரும் இடறுகிற இடம் இதுதான். நானும் இடறினேன். தெர்மோஸ்டாட்டில் போட்டிருக்கும் எண் இன்ஜினின் அதிகபட்சச் சூடு அல்ல. குறைந்தபட்சச் சூடு. இதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றின் வேலை.

ஏரிக் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்கின் உயரத்தை ஒரு அடி குறைத்தால் சாதாரண நாளில் ஏரியின் மட்டம் ஒரு அடி குறையும். ஆனால் வெள்ளம் வரும் நாளில், கலிங்குக்குக் கீழே உள்ள வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், கலிங்கு எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் தண்ணீர் கரையைத் தொடத்தான் செய்யும். இன்ஜினில் அந்த வாய்க்கால்தான் ரேடியேட்டர்.

76 போட்டு ஓட்டிப் பார்த்தபோது

கேள்வியறிவு போதாது என்று 76-ஐ வாங்கி மாட்டினேன். சில நூறு ரூபாய்ப் பொருள். கூடவே ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (வண்டி தன் கோளாறுகளைத் தானே சொல்லும் ஏற்பாடு) சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியாக மொபைலில் எண்களைக் காட்டும் சின்ன ஸ்கேனர் ஒன்றையும் வாங்கினேன். இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் மீட்டர் முள் உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுபவர் பதறக்கூடாது என்பதற்காக, பெரும்பாலான கார்களில் நடுவே ஒரு நீண்ட எல்லைக்குள் என்ன சூடு இருந்தாலும் முள் பாதியிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். பல புதிய கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும் நேரத்தில் பலசமயம் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் வரை நாற்கரச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனேன். மொபைலில் 79, 80, 81 என்று ஓடியது. பழைய தெர்மோஸ்டாட்டில் இதே சாலையில் 90, 91 காட்டியிருக்கும். கடைக்காரர் சொன்னது சரிதான் என்று மனசு குளிர்ந்தது.

ஊருக்குள் வந்தேன். அதே சிக்னல், அதே வெயில். 84, 88, 93, 97. ஃபேன் சத்தம் கேட்கவில்லை. 101, 103. முள் மறுபடியும் முக்காலைத் தொட்டது.

நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டுமே. என் வண்டியில் கூலன்ட் 96 டிகிரியைத் தொட்டால் ஃபேன் ஓட வேண்டும், 91-க்கு இறங்கினால் நிற்க வேண்டும். வண்டிக்கு வண்டி இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கும், முறை ஒன்றுதான். தெர்மோஸ்டாட் 76-ல் திறந்தால் என்ன, 88-ல் திறந்தால் என்ன, நெரிசலில் நிற்கும் வண்டியின் சூடு ஃபேன் தொடங்கும் எண்ணுக்குத்தான் போய்ச் சேரும். 76 போட்டால் அங்கே போக இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஏசி ஓடும்போது அதற்காகவே ஃபேனும் சுற்றும் என்பதால் அந்நேரம் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஆனால் ஃபேனே ஓடாத என் வண்டியில் அதற்கும் வழியில்லை.

குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் தன் பலனை எங்கே காட்டுகிறது என்றால், நெடுஞ்சாலையில், காற்று அள்ளி வீசும் இடத்தில். அங்கே எனக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை இருந்த இடத்தில் அது உதவவில்லை.

"முன்னாடியே திறந்தால் மலைக்கு நல்லதுதானே?"

இது நியாயமான கேள்வி. 12 டிகிரி தாழ்வாகத் தொடங்கினால் சூடேற அந்த அளவுக்கு இடம் கூடுதலாகக் கிடைக்குமே? கிடைக்கும். எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். சின்ன காரின் இன்ஜின் இரும்பும் அலுமினியமுமாக 80, 90 கிலோ இருக்கும். கூலன்ட் 4, 5 லிட்டர். இவ்வளவையும் ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 65 கிலோஜூல் தேவை. 12 டிகிரிக்கு 780. மலை ஏறும்போது ரேடியேட்டரால் வெளியேற்ற முடியாமல் நொடிக்கு 5 கிலோஜூல் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 780-ஐ 5-ஆல் வகுத்தால் 156 நொடி, இரண்டரை நிமிடம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும் பாதையில் இரண்டரை நிமிடத்தை வைத்துக்கொண்டு நாலைந்து வளைவுகூடத் தாண்ட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வெப்பம் வெளியேறும் வேகம், கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 40 டிகிரி. கூலன்ட் 88-ல் இருந்தால் வித்தியாசம் 48. அதையே 76-ல் வைத்திருக்க நினைத்தால் வித்தியாசம் 36 தான். அதாவது அதே காற்றில் அதே ரேடியேட்டர் கால்பங்கு வெப்பத்தைக் குறைவாகத்தான் வெளியேற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் வேறு நின்று வெந்த காற்றை அனுப்புகிறது என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். "நம்ம ஊரு வெயிலுக்குத்தான் குறைஞ்ச டிகிரி வேணும்" என்கிறோம். உண்மையில் குறைந்த டிகிரியைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினமாக இருப்பது நம் ஊர் வெயிலில்தான்.

"88, 90 டிகிரி என்றால் கொதிக்கிற நிலைதானே?" என்று பயப்படுபவர்களும் உண்டு. திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் என்றால் கடல்மட்டத்தில் 100-ல் கொதிக்கும், ஊட்டி உயரத்தில் 92, 93-லேயே கொதித்துவிடும். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் அல்ல, பிரஷர் குக்கர். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை அது தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். ஊட்டியில் இருந்தாலும் மூடி நன்றாக இருந்தால் 115 வரை தாங்கும். 90 டிகிரியிலிருந்து அதற்கு நிறையத் தூரம். ஆனால் அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் போயிற்று. 100 சொச்சத்திலேயே பொங்கி ரிசர்வ் டேங்க் வழியே வழிந்துவிடும். எத்தனையோ பேர் தெர்மோஸ்டாட்டைக் குறைசொல்லிக் கழற்றுகிறார்கள், மூடியை மாற்றுவதில்லை. (வண்டி சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. முகத்தில் அடிக்கும் நீராவிக்கு மருந்தில்லை.)

கழற்றி எறிவது

மூன்று வழிகளில் மோசமானது இது. ஆனால் அண்ணன்கள் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மரியாதையோடு புரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் கூலன்ட் யாரும் ஊற்றியதில்லை. போர்வெல் தண்ணீர்தான். உப்பும் துருவும் சேர்ந்து தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். பத்தே நிமிடத்தில் வண்டி கொதிக்கும், இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளையும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் போகும். கழற்றிவிட்டால் அந்தப் பயம் ஒரேயடியாகத் தீர்ந்தது. ஆயிரம் வண்டி பார்த்த கைக்கு அது அனுபவம் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு.

அன்றைக்கு அது பெரிதாகக் கெடுக்கவும் இல்லை. கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. கம்பெனிகளே அப்போது ஊருக்கு ஒரு எண் கொடுத்தன. பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி தன் மினி காருக்குச் சாதாரணமாக 82, வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்று மூன்று தெர்மோஸ்டாட்டைக் கையேட்டிலேயே குறித்திருந்தது. நம் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் பிஎம்சி குடும்பத்ததுதான். அதற்கும் முந்தி, உறையாமல் இருக்கத் தண்ணீரில் ஆல்கஹால் கலந்த காலத்தில், அது ஆவியாகிவிடக்கூடாது என்பதற்காகவே 71 டிகிரி போன்ற எண்கள் புழங்கின. "குறைஞ்ச டிகிரி நல்லது" என்ற பேச்சின் வேர் அங்கெல்லாம் இருக்கிறது. உங்களிடம் பழைய அம்பாசடரோ பத்மினியோ இருந்தால், அதன் கையேடு அனுமதிக்கிற எண்ணைத் தாராளமாகப் போடுங்கள். இந்தக் கட்டுரையின் எச்சரிக்கைகள் அவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, வைத்த வண்டிக்குக் கதை வேறு. பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது, ஐடிலிங் எத்தனை, ஸ்பார்க் எப்போது என்பதெல்லாம் கூலன்ட் சென்சார் சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில், அதிகாலை நெடுஞ்சாலையில் கூலன்ட் 60-ஐத் தாண்டவே திணறும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் இறங்கும்.

என் எதிர் வீட்டுக்காரரின் வண்டியில் ரொம்ப நாளாகத் தெர்மோஸ்டாட் கிடையாது. டிசம்பர் மழையில் தினமும் மூன்று கிலோமீட்டர், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும்தான். ஒருநாள் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்க மஞ்சள் கலந்த வெள்ளையாய், வெண்ணெய் தடவியதுபோல ஒரு பசை. விரலால் வழித்தால் நுரைத்து வந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பயந்துபோயிருந்தார். கேஸ்கட் இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத இன்ஜினுக்குள் தண்ணீராகி ஆயிலோடு கலந்த கோலம் அது. ஆயில் 100 டிகிரி வாக்கில் சூடாகி ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஈரத்தோடு, எரிந்த புகையிலிருந்து வரும் அமிலமும் சேர்ந்து சிலிண்டரை அரிக்கும். குளிர்ந்த இன்ஜின்தான் வேகமாகத் தேய்கிறது என்பது 1930களிலேயே பிரிட்டனில் ஆராய்ந்து கண்டுகொண்ட விஷயம்.

இவ்வளவுக்கும் மேலே, கழற்றிவிட்டால் சில இன்ஜின்கள் கூடுதலாகவே சூடாகும் என்பது கேட்க நம்ப முடியாததாக இருக்கும். பல தெர்மோஸ்டாட்டுகளின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது இந்தக் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் திரும்பி இன்ஜினுக்குள் வந்துவிடும். கத்திரி வெயிலில், மலையில், தேவைப்படும் அந்த நேரத்தில் ரேடியேட்டரின் பலம் முழுசாகக் கிடைக்காது.

"தண்ணி ரொம்ப வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரமில்ல, அதனாலதான் ஹீட் ஆகுது" என்று இதற்குச் சிலர் காரணம் சொல்வார்கள். அது சரியில்லை. வேகமாக ஓடினால் ஒரு சுற்றில் குறைவாக ஆறும், ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்று வரும். மொத்தத்தில் வெப்பம் அதிகமாகத்தான் வெளியேறும். குற்றவாளி பைபாஸ்தான்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசருக்குச் சூடு தருவது இந்தக் கூலன்ட்தான். அது சூடாகாவிட்டால் வண்டி பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறவே நேரமெடுக்கும், எல்பிஜி ரெட்யூசரில் பனிகூடப் பிடிக்கும். பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தாக வேண்டும். டீசல்காரர்கள் தெர்மோஸ்டாட் பக்கம் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

76-க்கும் 88-க்கும் நடுவில்

கழற்றுவதோடு ஒப்பிட்டால் 76 பரவாயில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சில ஜப்பானிய இன்ஜின்களில் 76.5 என்பதே கம்பெனி எண். அப்படிப்பட்ட வண்டி உங்களுடையது என்றால் அதைத்தான் போட வேண்டும், 88 அல்ல. ஆனால் 88-க்கென்று எழுதிய இசியுவுக்கு 76 ஒரு விளிம்பு. தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொண்டதா என்று கண்டுபிடிக்க ஓபிடி ஒரு சோதனை வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா விதியில் அதன் எல்லை, தெர்மோஸ்டாட்டின் எண்ணுக்கு 20 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 11 டிகிரி கீழே. 88-லிருந்து 11 போனால் 77. குளிர்ந்த காலையில் நெடுஞ்சாலையில் 76-காரர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். கோட்டுக்குக் கீழே போனால் பி0128 என்ற குறியீட்டோடு செக் இன்ஜின் விளக்கு எரியும். எனக்கு அந்த மூன்று வாரத்தில் எரியவில்லை. மே மாதம் என்பதால் தப்பித்தேன். மார்கழியில் என்ன ஆகியிருக்குமோ.

குறைந்த டிகிரி உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்வெட், கமாரோ போன்ற வி8 வண்டிகளை ரேஸுக்கு டியூன் செய்பவர்கள் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி தெர்மோஸ்டாட் போடுவது சகஜம். அழுத்தம் கூட்டிய இன்ஜினில் ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கும் நாக்கிங் வரும். சிலிண்டர் ஹெட் குளிர்ச்சியாக இருந்தால் அது குறையும், ஸ்பார்க்கை முன்னே தள்ளி இன்னும் கொஞ்சம் பவர் எடுக்கலாம். ஆனால் அவர்கள் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றுவதில்லை. ஃபேன் தொடங்கும் டிகிரியைக் குறைத்து, இசியுவின் கணக்கைத் திருத்தி எழுதி, மூன்றையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். நாம் கடையிலிருந்து ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

கார் கம்பெனிகளோ எதிர்த் திசையில் போகின்றன. 1990களிலேயே பிஎம்டபிள்யூ தன் வி8 இன்ஜினில் மெதுவாக ஓடும்போது கூலன்டை 100-க்கும் மேலே வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்தது. முழு பவர் கேட்கும்போது மட்டும், உள்ளே இருக்கும் மின்கம்பி மெழுகைச் சுட்டு முன்கூட்டியே திறக்கவைக்கும். சூடான இன்ஜினில் ஆயில் இளகி உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

அப்படியானால் என் வண்டி ஏன் சூடானது?

இந்தக் கேள்வியை நான் முதல்நாளே கேட்டிருக்க வேண்டும். எப்போது சூடாகிறது என்பதே பாதி பதில். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் அல்லது காற்றோட்டம். ஓடும்போதும் மலையிலும் ஏறி, ஐடிலிங்கில் சரியாக இருக்கிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். கிளப்பிய பத்து நிமிடத்தில் முள் விறுவிறுவென்று ஏறி, ரேடியேட்டருக்குப் போகும் குழாய் மட்டும் ஆறியே இருந்தால், அப்போதுதான் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். என்னுடையது முதல் வகை.

அண்ணனிடம் மறுபடி போனேன். ஸ்கேனரில் 103 வரை ஏறிய எண்களைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேவைப் பிடுங்கிக் கையில் தட்டினார், பிரித்தார். உள்ளே கான்டாக்ட் கருகிக் கறுத்திருந்தது. சிலசமயம் ஒட்டும், சிலசமயம் ஒட்டாது.

"இது ஒண்ணு சார். இன்னும் இருக்கு பாருங்க," என்று ரேடியேட்டரைக் கழற்றி முன்னால் சாய்த்தார். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் கனத்துக்கு ஒரு கம்பளி. 11 வருடப் புழுதி, பூச்சி இறகு, வைக்கோல் துணுக்கு, பிளாஸ்டிக் நார் எல்லாம் சேர்ந்து நெய்தது. முன்பக்கக் கிரில் வழியே பார்த்தால் கண்டன்சர் பளிச்சென்று இருக்கும், அதற்குப் பின்னால் இது இருப்பது தெரியவே தெரியாது. ஓரத்தைப் பிடித்து உரித்தார், கரும்பலகைத் துடைப்பான்போல ஒரே துண்டாகக் கையோடு வந்தது. பிறகு தண்ணீரை மெதுவான விசையில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடித்தார். வேகமாக அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடுமாம். சிவந்த தண்ணீர் தெளிவாக வர அரைமணி நேரம் ஆனது.

ரிலே, ரேடியேட்டர் மூடி, டிஎம் வாட்டரோடு (உப்பு நீக்கிய தண்ணீர்) சரிபாதி கலந்த புதுக் கூலன்ட். மொத்தச் செலவு ஒரு டயர் விலைகூட வரவில்லை.

88-ஐத் திரும்ப மாட்டும் முன் பழையதைச் சோதித்துவிடலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். வால்வைச் சற்றே விலக்கி அதன் வாயில் ஒரு நூலைக் கவ்வவைத்து, அந்த நூலிலேயே தொங்கவிட வேண்டும். அடியைத் தொடாமல் பாத்திரத்துத் தண்ணீருக்குள் இறக்கி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், அடுப்பு சிறுதீயில். "என்னப்பா வேகவைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் வந்து நின்றுவிட்டார். 70, 80, ஒன்றும் ஆகவில்லை. 85-ல் குப்பியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழிகள். 87-ஐத் தாண்டியதும் நூலின் பிடி தளர்ந்து தெர்மோஸ்டாட் டக்கென்று பாத்திரத்தின் அடியில் விழுந்தது. 11 வருடம் ஆகியும் சொன்ன எண்ணில் திறக்கிறது. கொதிநிலைக்குப் பக்கத்தில் வந்தபோது வால்வு முழுசாக எழும்பி நின்றது. அதையே திரும்ப மாட்டினோம். ரப்பர் வாஷர் மட்டும் புதிது. விளிம்பில் குட்டி ஆணிபோல ஆடும் ஜிகிள் வால்வு மேல்பக்கம் இருக்கும்படி பார்த்து வைத்தார் அண்ணன். உள்ளே சிக்கும் காற்று அந்த ஓட்டை வழியேதான் வெளியேறும். கீழே வைத்துவிட்டால் காற்று தங்கி, ஒன்றுமில்லாத வண்டியும் சூடாகும்.

ஜூன் கடைசியில் கொல்லிமலை போனோம், நான்கு பேரும் சாமான்களும். காரவள்ளியில் ஏசியை நிறுத்தவில்லை, மொபைலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். செகண்ட் கியரில் வளைவு வளைவாக ஏறும்போது 92, 94, 95. நாற்பதாவது வளைவுக்கு மேலே ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது 97-ஐத் தொட்டது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, 93-க்கு வந்தது. செம்மேட்டில் டீக்கடை ஓரம் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியை அணைத்துவிட்டு பேனட்டைத் திறந்தேன். ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீ வருவதற்குள் நின்றுவிட்டது. மொபைலில் 91.